முற்றத்துக்கு ஒரு பழச் செடி

அமெரிக்காவில் மினியாபொலிஸில் இருக்கும் என் பெண் போனில் ஒரே பெருமை அடித்துக்கொண்டாள். வாசலில் 'விண்டர்பெர்ரி' என்று ஒரு செடி வைத்திருக்கிறாளாம். இலையெல்லாம் உதிர்ந்து பனி மூடிய பிறகும் குச்சி நிறையக் குங்குமச் சிவப்பாகப் பழம் நிற்குமாம். பப்பாளியைப் போல அதிலும் ஆண், பெண் உண்டு; பக்கத்தில் ஆண் செடி இல்லாவிட்டால் பழம் பிடிக்காது என்று பாடம் வேறு!

"நம் மயிலாப்பூரில் அப்படி என்னம்மா இருக்கிறது?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு வயதுப் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் கபாலீசுவரர் கோயில். அம்பாள் மயிலாக வந்து பூசித்த புன்னைதான் அங்கே தல விருட்சம். கோலி உருண்டை போலக் காய்க்கும். கொட்டையில் விளக்கெரிக்க எண்ணெய் எடுப்பார்கள். ஆனால் அது பெரிய மரம். என் கொல்லையோ நாலு புடவை உலர்த்தும் அகலம்!

அடுத்து, தியாகராய நகரில் உறவினர் வீடு. வேலியில் துரந்தா; நீலப் பூவும் பொன்மணிக் கொத்துமாகக் கண்ணைப் பறித்தது. இதுதான் என்று தீர்மானித்துத் திரும்பினால், பேரன் ஒரு மணியைப் பறித்து வாயருகே கொண்டுபோய்விட்டான்! தட்டிவிட்டேன். என் கை நடுங்கியது. அந்தப் பழம் குழந்தைகளுக்கு விஷம்.

"குருவி தின்னுதே பாட்டி?" என்று அழுதான்.

குருவிக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது, சகோதரிகளே! உண்ணிச் செடியின் பச்சைக் காயும் அப்படித்தான்.

அவன் அழுகை ஓய்ந்தது அடையாற்றில், பிரம்மஞான சபைத் தோட்டத்தில். 1989-இல் புயலில் தாய் மரம் சாய்ந்தும், விழுதுகள் ஊன்றி நிற்கும் ஆலமரம் அது. சிவந்த ஆலம்பழம் மைனாவுக்கும் குயிலுக்கும் விருந்து. வீட்டோரம் வைத்தாலோ சுவரையே பிளந்துவிடும்!

வெறுங்கையோடு திரும்பினேன். கொல்லைக் கறிவேப்பிலையில் கருமணிக் கொத்து. அதைக் கொத்திக்கொண்டு ஒரு குயில்! இத்தனை நாள் இலையைத்தானே பார்த்தேன்?

மறுநாள் கிணற்றடியில் ஓர் அரநெல்லிக் கன்று வைத்தேன். கிளையெல்லாம் சரம் சரமாகக் காய்க்கும். மதிலோரம் களா, வெள்ளையில் ரோஜா நிறம் ஏறிப் பிறகு கறுக்கும். முள் இருப்பதால் பேரன் எட்டாத மூலையில் நட்டேன்.

அன்றிரவு பெண்ணிடம் சொன்னேன்: "உன் பழம் கண்ணுக்கு மட்டும்தானே? என் பழம் ஊறுகாய் ஜாடிக்கும் ஆகும்!"