சாய்ந்த பீடம்

சென்ற ஆண்டின் முதற்பருவத் தேர்வில் தொல்காப்பிய வினாத்தாள் எம்மை வீழ்த்திவிட்டது. இரவெல்லாம் விழித்துச் சேனாவரையர் உரையை மனனஞ் செய்தும் பயன் விளையவில்லை. சிறப்புத் தமிழ் வகுப்பை விட்டு நீங்குவதே தக்கதென்று துணிந்து, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றோம்.

எம் தெருவில், படையினின்று ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் வாழ்கின்றார். தேசிய மாணவர் படையில் யாம் சேர்ந்த நாள் முதல், துப்பாக்கியைப் பற்றிய ஐயங்களை அவரிடம் வினவுதல் எம் வழக்கம். எம் முகவாட்டத்தின் காரணத்தைக் கேட்டறிந்தவர், தாம் முதன்முதல் 1000 கஜத் தொலைவிற் சுட்ட கதையைத் தொடங்கினார்.

"தம்பி, தொலைநோக்கியின் திருகைத் திருகிக்கொண்டே போனேன், ஓரிடத்தில் அசையாது நின்றுவிட்டது. சுட்டேன். இலக்குக்கு முன்னே புழுதிதான் எழும்பிற்று. மூச்சைக் குறை சொன்னேன். கையைக் குறை சொன்னேன். குறை இரண்டிலும் இல்லை."

பின்னர்த் திண்ணையிற் சுண்ணக்கட்டியாற் கோடிட்டு விளக்கினார். குழலைவிட்டு வெளிப்பட்ட கணமுதல் குண்டு நிலத்தை நோக்கி வீழத் தொடங்குகின்றது. ஆதலின் தொலைவு மிகுந்தோறும், குழல் பார்வைக் கோட்டினும் மேல்நோக்கி நிற்றல் வேண்டும். அவ்வுயர்வைத் தருவது அத்திருகு. ஒரு பாகையின் 60இல் ஒரு கூறு கலை எனப்படும். ஒரு கலை 100 கஜத்தில் ஏறக்குறைய ஓரங்குலம், 1000 கஜத்திற் பத்தங்குலத்துக்குச் சற்று மேல். 60 கலை இயங்கவல்ல தொலைநோக்கியைச் சமமான பீடத்தில் அமைத்தால், மேலே 30, கீழே 30 எனப் பிரியும். 100 கஜத்துக்குக் குறியமைத்த 7.62 மில்லிமீட்டர்த் துப்பாக்கி 1000 கஜத்தை எட்டுதற்கோ 35 கலைக்கு மேல் வேண்டும். மேற்பாதி போதாது, கீழ்ப்பாதி வாளா கிடக்கும்.

இதற்குப் பரிகாரம், பின்புறம் சற்றே உயர்ந்த பீடம். 20 கலைச் சாய்வுடைய ஆறங்குலப் பீடத்தின் இரு முனைகட்கும் உள்ள வேற்றுமை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. ஆயினும் அச்சிறு சாய்வு 1000 கஜத்தில் ஏறக்குறைய பதினேழரை அடி உயர்வாகின்றது. மேலே 50 கலை கிடைக்கும். கீழே 10 எஞ்சும்.

"பின்வளையத்தின் கீழ் ஒரு தகட்டைச் செருகினால் ஆகாதா, ஐயா?" என்றோம்.

"வளையம் இரண்டும் ஒரே நேரில் நில்லாமல் தொலைநோக்கியின் குழாயை நெரிக்கும். சாய்வைப் பீடத்திலேயே கடைந்தெடுக்க வேண்டும், தம்பி. அதுவும் அளவோடு. ஆசைப்பட்டு 40 கலை வைத்தால் 100 கஜத்து இலக்கு கைவிட்டுப் போகும். கீழே இறக்க 30 கலைதானே உண்டு?"

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. யாமும் திருகையன்றோ முறுக்கிக்கொண்டிருந்தோம்! பள்ளியிற் கற்ற சிற்றிலக்கணத்தின்மேல் நின்று சேனாவரையரை எட்ட முயன்றோம். எட்டாதபோது அறிவைப் பழித்தோம். விலகல் விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்தோம். ஜனவரி முதல் நாடோறும் வைகறையில் நன்னூலை முதற் சூத்திரத்திலிருந்து ஓதலானோம். ஆண்டிறுதித் தேர்வில் முதன்மை பெற்றிலேம், ஆயினும் தேறினோம்.

சுபேதாரின் இரண்டாம் எச்சரிக்கையை மறந்ததன் பயனையும் ஒளியாது கூறுதல் கடன். பிப்ரவரியில் எம் அன்னையார்க்குச் செந்தமிழில் நெடியதொரு கடிதம் வரைந்தோம். மறுதபாலில் வந்த விடை இது: "மகனே, அடுத்த வீட்டு வாத்தியாரைக் கொண்டு வாசிக்கச் சொல்லியும் ஒன்றும் விளங்கவில்லை. நீ சுகமா என்று மட்டும் எழுது."

அன்றே ஓர் அஞ்சலட்டையில், "அம்மா, நான் நல்ல சுகம்" என்று எழுதியனுப்பினோம்.