ராஸ் தீவின் இடிபாடுகளும் ஓர் இலக்கண நூலும்

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு அல்குர்ஆன் பலமுறை ஏவுகிறது. அவ்வாறு காணத் தகுந்த இடங்களுள் ஒன்று அந்தமானின் ராஸ் தீவு. 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றழைக்கப்படுகிறது.

கடந்த விடுமுறையில் குடும்பத்துடன் அங்குச் சென்றோம். போர்ட் பிளேரில் படகேறிப் பயண துஆவை ஓதி அமர்ந்தோம். சிறிது நேரத்தில் கரை வந்துவிட்டது.

1858இல் கைதிகள் குடியிருப்பைத் தொடங்கிய ஆங்கிலேயர், இச்சிறு தீவையே தலைமையிடமாக்கினர். காட்டைத் திருத்தியது கைதிகளின் உழைப்பு. ஆணையர் மாளிகை, தேவாலயம், அச்சகம் ஆகியவை இன்று கூரையிழந்து நிற்கின்றன. மரவேர்கள் செங்கற்சுவர்களை இறுகப் பற்றியுள்ளன. 1941இன் நிலநடுக்கமும் மறு ஆண்டின் ஜப்பானியப் படையெடுப்பும் அந்த வாழ்வை முடித்துவைத்தன. ஆங்கிலேயர் கொண்டுவந்த புள்ளிமான்களின் வழித்தோன்றல்கள் அச்சமின்றி நம் அருகே மேய்கின்றன, மயில்கள் உலவுகின்றன.

"அத்தா, அல்லாஹ் இவர்களைத் தண்டித்துவிட்டானா?" என்று கேட்டான் மகன்.

ஆம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நல்லோர் கட்டிய பள்ளிவாசல்களும் உலகில் இடிந்து கிடக்கின்றன. இடிபாடு தண்டனைக்குச் சான்றாகாது, தீர்ப்பு மறுமைக்குரியது. எனவே, இங்கே எது அழிந்தது, எது எஞ்சியது என்று பார்க்கச் சொன்னேன்.

1857 கிளர்ச்சிக்குப் பின் அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டோரில் ஆலிம்களும் இருந்தனர். தத்துவ மேதை மவ்லானா ஃபழ்லே ஹக் கைராபாதி (ரஹ்) 1861இல் இம்மண்ணிலேயே மரணித்தார். முஃப்தி இனாயத் அஹ்மத் காகோரவி (ரஹ்) கைதியாக இருந்தபோதே 'இல்முஸ் ஸீகா' என்னும் அரபுச் சொல்லிலக்கண நூலை எழுதினார். விடுதலையாகி, 1863இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் கப்பல் மூழ்கி இறந்தார். அந்நூலோ இன்றும் துணைக்கண்டத்து மதரஸாக்களில் பாடமாக உள்ளது.

"இக்காலத்தில் ஸர்ஃபு படித்து என்ன பயன்?" என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கின்றனர். பிள்ளைகளைப் பாதியிலேயே நிறுத்தியும் விடுகின்றனர். ஆட்சியாளரின் மாளிகை நூறாண்டு கூட நிலைக்காத இடத்தில், கைதியின் பாடநூல் நிலைத்தது. பயனளிக்கும் கல்வி, மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்க்கும் என்ற நபிமொழிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

அந்தமான் செல்லும் குடும்பங்கள் மான்களுடன் படம் எடுத்துக்கொள்ளட்டும். கூடவே, இவ்விருவரின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்களுக்காக துஆச் செய்யட்டும்.