முள் காட்டிய கணக்கு

கோலாரின் விளைபொருள் சந்தையில் தக்காளி வரத்து கூடிவிட்டால் பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வில்லை. அவற்றுள் 20 ஆண்டுகளைக் கடந்த ஒரு டீசல் வண்டி தன் ஓட்டுநருக்குத் திருடன் என்ற பெயரை வாங்கித் தந்தது. மாலையில் பெட்டிகள் ஏறி முடிந்ததும் மண்டி உரிமையாளர் சாவியைத் திருகி டீசல் முள்ளைப் பார்ப்பார். பெங்களூர் சென்று விடியுமுன் வண்டி திரும்பும்போது அவர் மகன் பார்ப்பான். மாலையில் முக்கால், விடியலில் கால். போகவும் வரவும் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அதற்கு 60 லிட்டர் டேங்கில் பாதி தீர்ந்துவிடாது. மிச்சம் எங்கே என்ற கேள்விக்கு ஓட்டுநரிடம் விடையில்லை. அதனால் இரண்டு மாதமாக அவர் சம்பளத்தில் 3,000 ரூபாய் பிடித்தம் நடந்தது.

உரிமையாளர் கன்னடம் பேசுபவர்; ஓட்டுநரின் வீட்டுமொழி தெலுங்கு; பிற்பாடு வண்டியைப் பார்த்த மின்பழுது மெக்கானிக் தங்கவயல் தமிழர். கடிகாரத்தின் முள்ளையும் காலில் தைக்கும் முள்ளையும் ஒரே சொல்லால் அழைப்பது இம்மூன்று மொழிகளுக்கும் பொது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ஈற்றில் ஓர் உகரம் கூடும். வழக்கை விசாரித்தவர்கள் மூவரும் ஆளுக்கொரு மொழியில் பேசினாலும், குற்றச்சாட்டின் மையச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

குறிகளை வகைப்படுத்திய அமெரிக்க மெய்யியலாளர் பியர்ஸ், காற்றின் திசை காட்டும் சேவலைச் சுட்டுக்குறிக்கு எடுத்துக்காட்டாகத் தந்தார். காற்று தள்ளுகிறது, சேவல் திரும்புகிறது. இடையில் மனித உடன்பாடு ஏதுமில்லை. டீசல் முள்ளும் இவ்வகையே என்று எண்ணத் தோன்றும். ஆனால் முள்ளுக்கும் டீசலுக்கும் இடையே ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. டேங்கினுள் மிதவை ஏறி இறங்குகிறது. அதன் கை ஒரு மின்தடைச் சுருள்மீது ஊர்கிறது. இவ்வண்டியில் டேங்க் நிறைந்தால் தடை குறையும், காலியானால் கூடும். மீட்டரிலிருந்து ஒற்றை வயரில் வரும் மின்னோட்டம் அந்தச் சுருளைக் கடந்து, டேங்கின் உலோக உடல் வழியே எர்த்துக்குத் திரும்புகிறது. அந்த மின்னோட்டத்தின் அளவையே முள் காட்டுகிறது. டீசலைப் பற்றி அதற்கு நேரடியாக ஒன்றும் தெரியாது.

மெக்கானிக் முதலில் டேங்க்மேல் இருந்த வயரைக் கழற்றி வண்டியின் உடலோடு இணைத்தார். பிறகே சாவியைத் திருகினார். பெட்ரோல் வண்டியென்றால் டேங்க் அருகே பொறி எழ இடம்கொடுக்கும் எந்தச் சோதனையும் ஆகாது. முள் மெல்ல நகர்ந்து முழுமைக்கு ஏறியது. மீட்டரும் வயரும் பழுதில்லை. மிதவையை வெளியே எடுத்து மேலும் கீழும் அசைத்து மல்டிமீட்டரில் பார்த்தார். எங்கும் துள்ளாமல் தடை சீராக மாறியது. பழுதான உறுப்பு ஒன்றுகூட அகப்படவில்லை. பல பட்டறைகளில் இந்த இடத்தில் புது மிதவை மாட்டிப் பணம் வாங்கிவிடுவார்கள்.

அவர் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, “தம்பி, லைட்டப் போடு” என்றார். சில நொடிகளில் முள் சரியத் தொடங்கியது. பழைய வகை மீட்டரில் ஈருலோகப் பட்டை ஒன்று சூடேறி வளைந்துதான் முள்ளை நகர்த்தும். ஆகவே அது துள்ளாது, ஊரும். அந்த ஊர்தலைக் கவனிக்கப் பொறுமை வேண்டும். பிரேக்கை மிதித்தபோது இன்னும் சரிந்தது. பின் விளக்குகளும் டேங்கும் சேஸிஸில் ஒரே போல்ட்டில் எர்த் எடுத்திருந்தன. அந்த போல்ட் துருவேறிக் கிடந்தது. விளக்கின் மின்னோட்டம் துருவைக் கடக்கத் திணறும்போது அங்கே மின்னழுத்தம் ஏறுகிறது. டேங்க் வயரில் ஓட்டம் குறைகிறது. மீட்டர் அதை டீசல் குறைவாகப் படிக்கிறது. விளக்கு எரியவிட்டு டேங்குக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தபோது, சுழியத்தை ஒட்டி இருக்கவேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் நின்றது.

மாலையில் உரிமையாளர் பார்த்தது விளக்கு அணைந்த வண்டியை. விடியலில் மகன் பார்த்தது விளக்கு எரியும் வண்டியை. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தால் முள் எப்படியும் படுத்துவிடும். ஒரே டீசலுக்கு இரண்டு அளவு காட்டுவதை ஒருவர் ஒரே நேரத்தில் பார்க்க வாய்ப்பே அமையவில்லை.

மெக்கானிக்கே தேவைப்படாத விடை ஒன்றும் மண்டிக் கல்லாப்பெட்டியில் கிடந்தது. நாள்தோறும் காலையில் 15 லிட்டருக்கு மட்டுமே பணம் தரப்பட்டது. பங்க் ரசீதுகள் அனைத்தும் அங்கே இருந்தன. ஓர் இரவில் 30 லிட்டர் குறைந்து 15 லிட்டர் மட்டும் நிரம்பினால், மூன்றாம் இரவே வண்டி நடுவழியில் நின்றிருக்கும். இரண்டு மாதத்தில் ஒருநாளும் நிற்கவில்லை. கணக்கெழுதும் மண்டியில் இந்தக் கூட்டல் கழித்தலை எவரும் போடாதது வியப்புதான். ஓட்டுநரை நம்பாத வீடு, அவரைப் பற்றிச் சொன்ன முள்ளை ஒருமுறையும் சந்தேகிக்கவில்லை.

போல்ட்டைச் சுரண்டி, புது வயர் போட்டு, கிரீஸ் தடவியதில் அரைமணி நேரம் கழிந்தது. விளக்கு எரிய, முள் அசையாமல் நின்றது; பின் விளக்குகளும் முன்னைவிடப் பிரகாசமாயின. அந்த மாதம் முதல் பிடித்தம் நின்றது. முன்பு பிடித்த 6,000 ரூபாயைப் பற்றி உரிமையாளர் வாய் திறக்கவில்லை. ஓட்டுநர் பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கி, தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கைத் தெலுங்கில் எழுதி வருகிறார்.