சொத்து அபிடவிட் எழுதப் பழகியது

பணத்துக்கு டிக்ரி வாங்கிவிட்டால் மட்டும் பணம் கைக்கு வந்துவிடாது. முப்பது நாளாகியும் கடனாளி கட்டவில்லையென்றால், அவருடைய சொத்து விவரத்தை அபிடவிட்டாகக் கேட்டு டிக்ரிதாரர் மனுப் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 41 அதற்கு வழி செய்கிறது. ஜூனியராகச் சேர்ந்த எனக்கு, அப்படிக் கேட்டு வரும் கோர்ட் உத்தரவுக்குப் பதில் தயாரிப்பதைத்தான் சீனியர் முதலில் பழக்கினார்.

அந்த அபிடவிட்டுக்கான 16ஏ படிவத்தை அவர் உடனே எடுக்கமாட்டார். பாஸ்புக், பாலிசி பாண்டு, வீட்டு வரி ரசீது, அடகுச் சீட்டு எல்லாம் முதலில் மேசைக்கு வரவேண்டும். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். கூலிக் கணக்கு நோட்டை மாதம் மாதமாகப் பிரித்துக் கூட்டச் சொல்வார். வேலையே இல்லாத மாதமும் கணக்கில் வரும்.

ஒருமுறை ஒரு தச்சுத் தொழிலாளி வந்திருந்தார். தன் பெயரில் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை. "அதையும் எழுதினா புடுங்கிடுவாங்க சார்" என்றார்.

சீனியர் அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டார். "அந்தப் பணத்தை ஜப்தி பண்ண முடியாதுண்ணே. உங்க உளி, இழைப்புளி, சமையல் பாத்திரம், படுக்கை, வீட்டம்மா தாலி, எதையும் தொட முடியாது. சட்டமே காப்பாத்துறதை நீங்க எதுக்கு ஒளிக்கணும்?"

அவரிடம் நான் கற்றதில் முக்கியமானது இதுதான். என்ன இருக்கிறது என்பதை அபிடவிட்டில் முழுசாகச் சொல்லவேண்டும்; எதைத் தொடக்கூடாது என்பதை ஆட்சேபணையில் தனியாகக் கேட்கவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்தான் பாதியை மறைத்துச் சத்தியம் செய்கிறார். அபிடவிட் போடாமலே இருந்துவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு. ஆனால் கட்ட வக்கில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் உள்ளே தள்ளமுடியாது. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதை அழுத்தமாகச் சொன்னார். கடனாளியின் வசதியைக் கணக்கிடும்போது ஜப்திக்கு உட்படாத சொத்தைச் சேர்க்கக்கூடாது என்றும் அச்சட்டத்தின் 51-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆக, ஏழைக்குத் தன் நிலையை மறைக்காமல் எழுதுவதே பாதுகாப்பு.

படிவத்தில் பலர் காலியாக விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்கு யார் பணம் தரவேண்டும்? தச்சர் யோசித்துவிட்டு, தான் செய்து விற்ற கதவு நிலைகளின் விலையைத் தராமல் ஒரு கட்டட மேஸ்திரி இழுத்தடிப்பதாகச் சொன்னார். எழுதினோம். டிக்ரிதாரரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரிக்கே கோர்ட் நோட்டீஸ் அனுப்பவைத்தார். தச்சர் நடையாய் நடந்தும் வராத பணம், அடுத்த வாய்தாவுக்குள் கோர்ட்டில் கட்டப்பட்டு, அவருடைய கடனில் கழிந்தது.