விளையாடத்தான் வாங்குகிறேன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் இருக்கும். மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி, ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் கடந்தால் மலையடிவாரம். மலையில் மழை என்றால் வனத்துறை ஆற்றில் இறங்க விடாது. அன்று தண்ணீர் அளவாகத்தான் ஓடியது. குளித்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்தோம்.

"அண்ணே, கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களாமே?" என்றான் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி.

"ஆமாடா. ஆபீஸ் வேலைக்கு. சர்வே டேட்டா எல்லாம் ஏத்தணும்ல."

"கிராபிக்ஸ் கார்டு விலை கேட்டீங்கன்னு சொன்னாங்க?"

"வீடியோ எடிட்டிங்கும் பண்ணணும்."

பி.எஸ்சி. படிக்கும் தங்கச்சி சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டது. "விளையாடணும்னு சொல்லுங்கண்ணே. அதுல என்ன இருக்கு?"

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. எனக்கு வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிரௌசிங் சென்டரில் காசு உள்ளவன் 'வைஸ் சிட்டி' ஆடுவான், நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கம்ப்யூட்டருக்கு வந்தது 2019இல். அதை யூடியூபில் அடுத்தவர் ஆடத்தான் இன்றுவரை பார்த்திருக்கிறேன். ஆடவேண்டும் என்று ஆசை. ஆனால் அம்மாவிடம், அலுவலகத்தில், தோழர்களிடம், கடைக்காரரிடம் என்று எல்லோரிடமும் "வேலைக்கு" என்றே சொல்லி வந்தேன்.

ஏன் சொன்னேன் என்று அன்றிரவு யோசித்தேன். முதுகலை சமூகவியலில் வெப்லனின் ஓய்வு வர்க்கக் கோட்பாட்டைப் படித்துப் பரீட்சை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். எங்கள் தெருவிலோ ஓய்வு என்றால் மில்லில் ஷிப்ட் கிடைக்காத நாள், அதாவது கூலி இல்லாத நாள். நம் வீட்டில் வாங்கும் எந்தப் பொருளும் 'எதற்கு உதவும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியை இப்போது யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே நான் பதிலைத் தயார் செய்துகொண்டேன். பாபாசாகேப் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். அது விடுதலைக்கு எப்படி உதவும் என்று அவர் யாருக்கும் கணக்குக் கொடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"ரம்மியா?" என்றார் முதலில். அவர் பயம் நியாயமானது. தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் காசை விட்டு உயிரை விட்டவர்களைப் பற்றி எத்தனை செய்தி படித்திருக்கிறோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் கொண்டுவந்தது.

"இல்லம்மா. காசு வைக்கிற ஆட்டம் இல்ல. கதை மாதிரி இருக்கும்."

"அப்புறம் ஏன்யா ஆபீஸ் வேலைன்னு சொன்ன?"

இதற்கும் என்னிடம் பதில் இல்லை.

உண்மையைச் சொன்ன பிறகுதான் அடுத்த கேள்வியை ஒழுங்காகக் கேட்க முடிந்தது: கடையில் முழுதாக வாங்குவதா, பாகங்களாக வாங்கி நாமே கட்டுவதா? இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் வரும் என்பதால் நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் கடைக்குத்தான் போனேன். பக்கத்து ஊரில் ஒரு கடை. பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்தது. "ஐ7 கேமிங் பிசி, இருபதாயிரம்தான்" என்றார்கள். ஐ7 என்பது வெறும் வரிசைப் பெயர், எத்தனையாவது தலைமுறை என்பதுதான் விஷயம். கேட்டுப் பார்த்தால் ஐ7 2600. 2011இல் வந்த சிப். அதோடு வைத்திருந்த ஜிடி 730 கார்டு 2014இல் வந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆக, அந்தப் பெட்டியில் புதிதாக இருந்தது விளக்கு மட்டும்தான். நம் பிள்ளைகள் பத்து மாதம் சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கொடுப்பது இப்படிப்பட்ட பெட்டிகளுக்குத்தான்.

இன்னொரு கடையில் நல்ல மெஷின் இருந்தது. எழுபத்திரண்டாயிரம். தவணையில் வாங்கலாம் என்று ஆதார், சம்பளச் சீட்டு எல்லாம் கொடுத்தேன். முகவரியைப் பார்த்த பையன் உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தான். "சார், உங்க ஏரியா நெகட்டிவ்ல வருது" என்றான். கடன் கொடுப்பவர்கள் சில பகுதிகளை மொத்தமாக ஒதுக்கிவைக்கும் பழக்கத்துக்குப் பெயர் அது. என் சம்பளமும், நான் வாங்கிய எந்தக் கடனிலும் பாக்கி வைத்ததில்லை என்பதும் அங்கே கணக்கில் வரவில்லை. தெருப்பெயர் மட்டும் வந்தது. சாதியை யாரும் கேட்கவில்லை. பின்கோடுக்குக் கீழே உள்ள வரியே போதுமானதாக இருந்தது.

கட்டுவது என்ற யோசனை அங்கேதான் உறுதியானது. முழுப் பெட்டியை வாங்க ஒரே நாளில் முழுப் பணம் வேண்டும், அல்லது கடன் கொடுப்பவன் மனது வைக்க வேண்டும். பாகமாக வாங்கினால் நம் கையில் உள்ள காசின் வேகத்தில் வாங்கலாம். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதம் ஒரு பாகம் என்று ஆறு மாதம் வாங்கினால், முதல் மாதம் வாங்கியது பழுதா என்று ஆறாவது மாதம்தான் தெரியும். மாற்றிக் கொடுக்கும் கெடு அதற்குள் முடிந்திருக்கும், வாரண்டியிலும் ஆறு மாதம் கரைந்திருக்கும். அதனால் வரிசை முக்கியம். மானிட்டர், கேபினட், கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றை முதலில் வாங்கலாம். மானிட்டரை நண்பரின் லேப்டாப்பில் மாட்டி அன்றைக்கே சோதித்துவிடலாம். பிராசசர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். ஆகிய ஐந்தையும் ஒரே வாரத்தில் வாங்க வேண்டும், ஏனென்றால் ஒன்றில்லாமல் மற்றொன்றைச் சோதிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை.

நான் முதல் வகையைச் சம்பளத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கினேன். இரண்டாம் வகைக்கு அறுபதாயிரம் ரூபாய் மாதச்சீட்டு கைகொடுத்தது. தள்ளி எடுத்ததில் ஐம்பத்து நாலு வந்தது. சீட்டு பிடிக்கும் அக்கா என் முகவரியைக் கேட்கவில்லை, அவரும் அதே தெரு.

கட்டுவதுதான் எப்போதும் மலிவு என்று நான் சொல்லமாட்டேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை இரண்டு மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் 'குரூஷியல்' வரிசையையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில், பழைய விலையில் ரேம் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் கடைப்பெட்டி உண்மையிலேயே மலிவாகக் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் ரைசன் 5 5600 எடுத்தேன். அது பழைய டி.டி.ஆர் 4 ரேமில் ஓடும். கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டிய ஓர் அலுவலகத்திலிருந்து எட்டு ஜிபி ரேம் இரண்டு வாங்கி, பிறகு 'மெம்டெஸ்ட்' போட்டுச் சரிபார்த்தேன். எதில் மிச்சம் பிடித்தாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பிடிக்காதீர்கள். நம் தெருக்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

கரண்ட் கணக்கும் உண்டு. மானிட்டரோடு சேர்த்து 300 வாட் என்று வையுங்கள். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் அறுபது நாளில் 54 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் 100 யூனிட்தான். நான் வாரக் கடைசியில் மட்டும் ஆடுவது என்று முடிவு செய்ததற்கு ஒழுக்கம் காரணமில்லை, இந்தக் கணக்குதான்.

விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இதெல்லாம் யோசிக்கவே வேண்டாம். லேப்டாப் வாங்குங்கள். பூட்டி வைக்க முடியாத அறையில் மேசைக் கம்ப்யூட்டர் எதற்கு?

ஆனால் நான் கட்டியதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. என் தங்கைக்குப் பிளஸ் டூவில் கிடைத்தது. எங்கள் வரிசை வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில்கூட, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 4.4 சதவீதத்தில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. நகரத்தில் 23.4 சதவீதம். அந்த மடிக்கணினியை அம்மா சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைப்பார். நான்கு வருடம் கழித்து ஒருநாள் திரை வரவில்லை. கடையில், "போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார்கள். எண்ணூறு ரூபாய்க்குப் பழைய சாமானில் போட்டோம். தங்கையின் கல்லூரிக் குறிப்புகளும் அப்பாவின் கடைசிப் புகைப்படங்களும் அதற்குள்ளேயே போயின. போன வருடம் படிப்பகத்துக் கம்ப்யூட்டரில் திரை வராதபோது, பாலிடெக்னிக் தம்பி ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்து மாட்டினான். திரை வந்துவிட்டது. அன்று எங்கள் மடிக்கணினிக்கும் அதுதான் கோளாறோ, வேறோ, தெரியாது. திறந்து பார்க்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை என்பது மட்டும் தெரியும். போர்டே போயிருந்தாலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் படங்களை எடுத்திருக்கலாம். எழுபத்திரண்டாயிரம் பெட்டியின் பின்னாலும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது: பிரித்தால் வாரண்டி கிடையாது.

நாங்கள் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறையைப் பெருக்க எங்கள் தெருப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். வகுப்பு நடக்கும்போது நாங்கள் கடைசி மெஷினில் நான்கு பேர். மூடியைத் திறப்பது வேறு யாருடைய வேலையோ என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது. டெல்லி சீலம்பூரில் உலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களை வெறுங்கையால் உடைத்துச் செம்பு எடுப்பவர்கள் ஏழைகள். உடைப்பதற்கு நம் கை ஆகும், கட்டுவதற்கு ஆகாது என்ற ஏற்பாட்டில் எனக்குச் சம்மதமில்லை.

பாகங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்திலேயே கட்டினோம். ஏழு பேர். தம்பி கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும் என்று சட்டம் போட்டான். பிராசசரை வைத்தது தங்கச்சி. அடியில் மயிரிழை போல ஊசிகள், முக்கோணக் குறிக்கு நேராக வைத்தால் தானாக இறங்கும், அழுத்தினால் வளைந்துவிடும். அது மூச்சுவிடாமல் வைத்தது. மூன்று மணி நேரம் ஆனது. சுவிட்சைப் போட்டோம். காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை வரவில்லை. ரேமைத் துடைத்தோம், வயர்களைக் கழற்றி மாட்டினோம். அரைமணி நேரம். ஐம்பத்து நாலாயிரம் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

எட்டாம் வகுப்புப் பாப்பா பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்டது: "அண்ணே, டிவி ஒயரு மேல மாட்டியிருக்கு. கார்டு கீழல்ல இருக்கு?"

அதுதான் கோளாறு. இந்தப் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, வயரைக் கார்டில்தான் சொருக வேண்டும். நாங்கள் மதர்போர்டில் சொருகியிருந்தோம். மாற்றியதும் திரை வந்தது. கைதட்டல் அடங்க நேரமானது.

"இதைப் படிப்பகத்துக்கே கொடுத்திருக்கலாமே தோழர்?" என்று ஒரு தோழர் பிறகு கேட்டார். கொடுக்கவில்லை. படிப்பகத்துக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்று நகராட்சியிடம் மனு கொடுத்திருக்கிறோம், தொடர்ந்து கேட்போம். அது பிள்ளைகளின் உரிமை. என் ஆசையை அதற்கு ஈடாக வைத்தால் இரண்டும் சிறுத்துப்போகும். குழந்தைகளுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது, இந்தியா அதை 1992இல் ஏற்றது. வகுப்பெடுக்கும்போது இதைச் சொல்லும் நான், எனக்கென்று வரும்போது பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு உலகம் சாதி இல்லாத இடம் என்றும் நினைத்துவிடாதீர்கள். போனில் ஆடும்போதே பார்த்திருப்பீர்கள், பெயருக்கு முன்னால் சாதியைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மைக்கில் ஒருவன் என்னிடம், "எந்த ஊரு ப்ரோ? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டான். "காலனிதான், வா ஆடலாம்" என்றேன். வெளியேறிவிட்டான். டீக்கடையை நாம் விட்டுக்கொடுக்கவில்லை, இதை மட்டும் ஏன் விட வேண்டும்?

இப்போது சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறேன். குதிரை ஓட்டும் ஆட்டம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ரத்தம் அதிகம் என்கிறார். 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' போட்டால் பக்கத்தில் வந்து உட்காருகிறார். அப்பா பதினெட்டு வருடம் லாரியில் கிளீனர், ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டதில்லை. "உங்க அப்பா இருந்தா இறங்கவே மாட்டாரு" என்றார் ஒருநாள்.

தம்பி தங்கைகளே, வாங்குவதா கட்டுவதா என்பது உங்கள் காசையும் அறையையும் பொறுத்தது. கட்டுவதென்றால் தனியாகக் கட்டாதீர்கள், சின்னப் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று யாராவது கேட்டால் விளையாட என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.