முதல் உதைக்கு முன்

அப்பாவின் பழைய புல்லட் எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே பூட்டி முடித்ததும் உதைக்கப் போனேன். மெக்கானிக் அண்ணன் தடுத்தார். "இரு தம்பி, உள்ள இன்னும் ஆயில் ஏறல. இப்ப ஸ்டார்ட் பண்ணா காய்ஞ்சே சுத்தும். கொஞ்ச நேரம் போதும், பிக் எண்ட் போயிரும்."

போன முறை அப்படித்தான் கெடுத்தேன். அப்பா கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஃபில்டர் அறையில் ஆயில் ஊற்றினார். பிளக்கைக் கழற்றி, ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தினார். கம்ப்ரஷன் இல்லாததால் கிக்கர் லேசாக இறங்கியது. உதைத்துக்கொண்டே இருந்தேன். கால் கடுத்தபோது குமிழ்கள் வந்தன. பிறகு தேன் நிறத்தில் ஆயில் கசிந்தது.

"சுத்தி வந்துருச்சு. இப்ப மாட்டு."

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.