திரையைப் பிடித்த படம்

ஒலுவில் துறைமுகம், அஸருக்குப் பிறகு. அலைதடுப்புக் கல்லில் இரண்டு பையன்கள் தூண்டில் போட்டபடி இருக்கிறார்கள். 2020இல் இந்த வளாகத்துக்குள் கொவிட் தனிமைப்படுத்தல் நிலையம் இருந்தது. வீதியால் போகும்போது வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே ஆட்கள் பயந்த காலம்.

அந்த வருடக் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையைத் தொட்டுத் தொற்று பரவியது. ஒரு இரவு என் போனுக்கு ஒரு படம் வந்தது. கணினித் திரையை யாரோ போனால் பிடித்திருந்தார்கள். பெயர், வயது, வீதி, தொலைபேசி இலக்கம் என்று நிரைநிரையாக. திரையின் மேல் வானவில் போலக் கோடுகள், ஒரு மூலையில் மவுஸ் அம்பு, கண்ணாடியில் பிடித்தவரின் விரல் நிழல்.

ஏழாவது பெயர் எனக்குத் தெரிந்த ராத்தாவின் பெயர்.

*

பிறகு ராத்தா சொன்னது: "ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குச் சொல்ல முந்தி, மனே, கடைக்காரன் சொல்லிட்டான்."

*

அந்த நாட்களை அறியாதவர்களுக்காக எழுதி வைக்கிறேன். கொவிட்டால் இறப்பவர்களின் உடலை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி 2020 ஏப்ரல் 11இல் வந்தது. அடக்கவும் அனுமதிக்கும் வர்த்தமானி 2021 பெப்ரவரி 25இல்தான். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்களை அடக்கினார்கள். இடையில் பத்து மாதத்துக்கு மேல். காய்ச்சல் வந்தாலும் வீட்டுக்குள் மறைத்தார்கள். மையித்தைக் குளிப்பாட்டித் தொழுது அடக்கக் கிடைக்காது என்ற பயம் நோயைவிடப் பெரிதாக இருந்தது. அப்படிப்பட்ட பத்து மாதத்தில் பெயரும் வீதியும் இலக்கமும் போட்ட ஒரு பட்டியல் ஊர் ஊராகப் போனது. பட்டியலில் பெயர் வருமென்று தெரிந்தவன் பரிசோதனைக்கு வருவானா? இரகசியம் காப்பது வெறும் மரியாதை என்று நினைப்பவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு. அன்றைக்கு அது தொற்றைக் கண்டுபிடிக்கும் வழியாகவும் இருந்தது.

நானும் அந்தப் படத்தை ஒருவருக்கு அனுப்பினேன். கட்டாரில் இருக்கும் தம்பிக்கு. "உம்மாவைப் பார்க்க ஆரையும் வர விடாதே என்று சொல்லு" என்று கீழே எழுதி. நல்ல நோக்கம்தான். அனுப்பிய எல்லோருக்கும் அப்படி ஒரு நோக்கம் இருந்திருக்கும்.

*

அந்தப் பட்டியல் இருந்த கோப்புக்கு என்ன பூட்டுப் போட்டிருந்தாலும் அந்தப் படம் வந்திருக்கும். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளெடுத்தது. கண்ணால் பார்க்க முடிந்த எதையும் இன்னொரு கெமரா பார்க்கும். வட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும் படம் 2021இல் வந்தது. பின்னர் அதை ஸ்க்ரீன்ஷொட் எடுக்க முடியாமலும் செய்தார்கள். பக்கத்தில் இன்னொரு போன் இருந்தால் அது போதும்.

பிடிஎஃப் பற்றியும் ஒரு குறிப்பு. அதில் இரண்டு விதமான கடவுச்சொல் உண்டு. ஒன்று கோப்பைத் திறப்பதற்கு. மற்றது அச்சிடக்கூடாது, நகலெடுக்கக்கூடாது என்று தடைபோடுவதற்கு. முதலாவது மெய்யான பூட்டு. அதைச் சரியாகப் போட்டால் சொல் தெரியாதவனுக்கு உள்ளே இருப்பது குழம்பிய குப்பை. இரண்டாவதை மட்டும் போட்ட கோப்பு எல்லோருக்கும் திறக்கும். அச்சிட விடாமல் மறிப்பது அதைத் திறக்கும் மென்பொருள்தான், அந்தத் தடையை மதிக்காத மென்பொருளும் இருக்கிறது. அலுவலகங்களில் பலர் இரண்டாவதைப் போட்டுவிட்டுப் பூட்டியாயிற்று என்று நிம்மதியாகிறார்கள்.

கறுப்புப் பட்டியும் அப்படித்தான். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் போல் மனஃபோர்ட் என்பவரின் சட்டத்தரணிகள் நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஆவணத்தில் வரிகளைக் கறுப்பால் மறைத்திருந்தார்கள். செய்தியாளர்கள் அந்த இடத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினார்கள், எழுத்தெல்லாம் அப்படியே வந்தது. மேலே கறுப்பு, கீழே எழுத்து. மறைப்பது வேறு, அழிப்பது வேறு.

*

அப்படியானால் என்னதான் செய்வது? அந்தப் பட்டியலையே எடுத்துப் பார்க்கிறேன். அம்புலன்ஸ் அனுப்புபவருக்கு விலாசம் வேண்டும். அழைத்துப் பேசுபவருக்கு இலக்கம் வேண்டும். கொழும்புக்குக் கணக்கு அனுப்புபவருக்கு எண்ணிக்கை மட்டும் போதும், பெயரே தேவையில்லை. நான்கு நிரலையும் சேர்த்து ஒரே திரையில் பார்க்க வேண்டியவர்கள் மிகச் சிலர்தான். பூட்டைவிட முதலில் வெட்ட வேண்டியது அந்த நிரல்களை.

இரண்டாவது, பார்ப்பவரின் அடையாளம் திரையிலேயே இருப்பது. யார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்று மங்கிய எழுத்தில் பட்டியலின் குறுக்கே ஓடினால், போனைத் தூக்கும் கை ஒரு கணம் நிற்கும். காகித நீர்க்குறி இத்தாலியின் ஃபப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அன்று அது செய்தவரைச் சொன்னது, இன்று வைத்திருப்பவரைச் சொல்கிறது. வெட்டியெடுக்கலாம், மழுக்கலாம், உண்மைதான். ஆனாலும் என் போனுக்கு வந்த படத்தில் ஒரு சின்ன அடையாளமும் இருக்கவில்லை. பிடித்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

*

பரீட்சையிலும் இதே கதைதான். 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் சமூக ஊடகங்களில் வெளியாகிப் பரீட்சை இரத்தானது. பிள்ளைகள் பெப்ரவரி 1இல் மறுபடி எழுதினார்கள். அதே வருடம் செப்டெம்பர் 15இல் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் மூன்று வினாக்கள் முன்பே வெளியே வந்திருந்தன. எழுதியவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள். தேசிய கல்வி நிறுவகத்தின் பணிப்பாளர் ஒருவரும் ஓர் ஆசிரியரும் கைதானார்கள். டிசம்பர் 31இல் உயர் நீதிமன்றம் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி கொடுக்கச் சொன்னது. அந்த மூன்றையும் நேர்மையாகச் சரியாக எழுதிய பிள்ளைக்கு என்ன மிச்சம் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

வினாத்தாள் தயாரிக்கும் ஒருவர் சொன்னார்: இணையம் தொடாத கணினி, வாசலில் போனை வாங்கி வைத்தல், எல்லாம் சரி. ஆனால் வினா ஆளின் தலைக்குள் இருக்கிறது, அதை எந்த அலுமாரியில் பூட்டுவது?

*

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். அதிகாரமில்லாமல் எடுத்த தரவு என்று தெரிந்தும் அதைப் பெறுவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். எடுத்தவர் மட்டுமல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. 2025 மார்ச்சில் அமுலாக வேண்டிய முக்கிய பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள்.

*

இறுக்கிப் பூட்டினால் இன்னொரு பக்கம் உடையும். ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அலைதடுப்பு கரையோரம் ஓடிய மண்ணை மறித்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் அரித்தது, தென்னைகள் வேரோடு சாய்ந்தன, துறைமுக வாயிலையும் மண் அடைத்தது. அலுவலகத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். கோப்பை எவரும் எடுக்க முடியாதபடி மூடினால், நாளைக்குள் வேலை முடிக்க வேண்டிய எழுதுவினைஞர் திரையைப் போனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். வேலைக்கு வேண்டியதை ஒழுங்காகக் கொடுக்காத பூட்டு அந்தப் படத்தை உண்டாக்குகிறது.

*

கல்முனையில் ஒரு கொமினிகேஷன் கடை. காணி உறுதி ஒன்றைப் பிரதி எடுக்கப் போனேன். வட்ஸ்அப் போடுங்க என்றார்கள். கடைக் கணினியில் டவுன்லோட்ஸ் திறந்தது: அடையாள அட்டைகள், கடவுச்சீட்டுகள், நிக்காஹ் பதிவுகள், யாருடையதோ ஸ்கேன் அறிக்கை. கட்டாருக்கும் சவூதிக்கும் போகிற பிள்ளைகளின் முகங்கள். கடைத் தம்பி கெட்டவனில்லை, அழிக்க நேரமில்லை அவனுக்கு.

இப்போது நான் பென்ட்ரைவில் கொண்டுபோகிறேன். பிரதி வந்ததும் எழுத்தின் மேலேயே குறுக்கே எழுதுகிறேன்: இன்ன வங்கிக்கு, இன்ன தேவைக்கு மட்டும், திகதி. காசோலையில் இரண்டு கோடு போடுவது மாதிரி. போனில் அனுப்ப நேர்ந்தால் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படமெடுக்கிறேன். கடையில் அழிக்கச் சொல்லி, மறுசுழற்சித் தொட்டியையும் வெறுமையாக்கச் சொல்லி நிற்பேன். தம்பி சிரித்துக்கொண்டே செய்வான்.

ராத்தா மருந்துச் சீட்டைக்கூடப் போனில் அனுப்புவதில்லை. பஸ் ஏறிக் கல்முனைக்குப் போய்க் கையில் கொடுக்கிறார்.

*

போன நவம்பரில் கட்டார்த் தம்பி கோல் எடுத்தான். அவனுடைய கூகுள் போட்டோஸ், இத்தனை வருடத்துக்கு முன் இதே நாள் என்று ஒரு படத்தைக் காட்டியதாம். திரையில் கோடுகள், மூலையில் அம்பு, ஏழாவது பெயர். நான் என் போனில் எப்போதோ அழித்துவிட்டேன். அவனையும் அழிக்கச் சொன்னேன். அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதையும் வெறுமையாக்கு என்றேன். செய்தான்.

அப்போது ஆருக்காவது அனுப்பினாயா என்று கேட்டேன்.

ரூமில இருந்த ஊர்ப் பொடியன்களுக்கு அனுப்பியிருப்பன் காக்கா, ஆரெண்டு ஞாபகமில்ல என்றான்.